கம்பெனி வாசல் பலகையும் உன் தம்பி மணிமுத்துவும்

ஆமத்தூர்
14.9.2025, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு உன் அம்மா குருவம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி மணிமுத்துவும் ரெண்டு ஆடும் புதிதாகப் பிறந்த ஒரு குட்டியும் சுகம். அங்கே பூனாவில் நீ சுகமாக இருக்கிறாய் என்பதை உன் போனில் இருந்து வரும் கட்டைவிரல் படத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறோம். நாலு வாரமாக நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, டூட்டி என்று ஒரு வார்த்தை வரும், சாப்பிட்டாயா என்று கேட்டால் ஒரு கட்டைவிரல் வரும், உடம்புக்கு என்ன என்று கேட்டால் அதற்கும் ஒரு கட்டைவிரல். மகளைப் பெற்றேனா விரலைப் பெற்றேனா என்று தெரியவில்லை. அதனால்தான் பக்கத்து வீட்டு ரோஷினியின் கணக்கு நோட்டில் நடுத்தாள் நாலு கிழித்து எழுத உட்கார்ந்துவிட்டேன். போனைக் கட் பண்ணலாம், கூரியர்காரன் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஹாஸ்டலே எட்டிப் பார்க்கும், வாங்கித்தான் ஆக வேண்டும். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, எங்கே புள்ளி வைக்க வேண்டும் எங்கே மூச்சு விட வேண்டும் என்று எனக்குத் தெரியாது, நீயே பார்த்து மூச்சு விட்டுக்கொள்.

சுற்றி வளைக்கவில்லை. எங்கள் பட்டாசுக் கம்பெனியைப் பற்றிப் புகார் நம்பருக்கு எழுதிப் போட்டது நீதான். யாரும் வந்து கோள் சொல்லவில்லை. சோதனைக்கு வந்த ஆபீசர் அம்மாவும் பேரைச் சொல்லவில்லை, சொல்லக் கூடாதாம். ஆனால் கையில் இருந்த தாளை உன் தம்பிக்கு முன்னால் நின்று சத்தமாக வாசித்தார். இந்தக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற ஷெட்டில் மணிமுத்து என்று ஒருவன் வேலை பார்க்கிறான், வயது இருபத்துமூன்று, அறிவுசார் குறைபாடு உள்ளவன், அவனை வெடிமருந்து இருக்கிற இடத்தில் வேலைக்கு வைப்பது சட்டப்படி தப்பு, அப்படின்னு இருந்தது. இதுவரைக்கும் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அதற்குக் கீழே என்ன இருந்தது? தயவுசெய்து அவனைச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டாம், பயந்துவிடுவான், ரோஸ்மில்க் என்று சொன்னால் தானாக வருவான். ஏண்டி, புகார் கொடுக்கிறவள் ரோஸ்மில்க்கையும் சேர்த்தா எழுதுவாள்? திருடப் போகிறவள் வாசலில் கோலம் போட்டு அதில் கையெழுத்தும் வைத்த மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்று நாள் உன்னைத் திட்டினேன், நாலாம் நாள் எனக்குத் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்துபோய் உன் அப்பாவிடம் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தன்னிடம் இருப்பதெல்லாம் எனக்காக எடுத்து வைத்திருக்கிறாராம், உனக்குத் தரமாட்டாராம். இப்போது கோபம் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இம்புட்டுத் தாளும்.

கம்பெனி வாசலில் ஒரு மஞ்சள் பலகை உண்டு, உனக்கும் தெரியும். பதினெட்டு வயது நிரம்பாதவர், மது அருந்தியவர், சித்த சுவாதீனம் இல்லாதவர், இவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று எழுதியிருக்கும். பதினாலு வருஷமாக அதற்குக் கீழேதான் நடந்து போய் மத்தாப்புப் பெட்டி அடுக்குகிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் எனக்கு வரும். ஒரு நாளாவது அது என் மகனைச் சொல்கிறது என்று தோன்றவே இல்லையடி. சித்த சுவாதீனம் இல்லாதவர் என்றால் பஸ்ஸ்டாண்டில் துணியைக் கிழித்துக்கொண்டு நிற்கிறவர் என்று நினைத்திருந்தேன். நம் மணி கழுத்துப் பித்தான் வரை போட்டு, தலையைப் படிய வாரி, திருநீறு பூசிக்கொண்டு வருகிறவன். அவனுக்குக் கணக்கு வராது, படிப்பு வராது, கேட்ட கேள்விக்குப் பதில் வர ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகும், அம்புட்டுத்தானே. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் போர்மேன் பாலகுருவிடம் நான்தான் கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டு, "குருவக்கா, மருந்துப் பக்கம் விடாதீக, ஷெட்டு மூலையில ஒக்காந்து லேபிள் ஒட்டட்டும்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். ஒட்டினான் பார், ஒரு லேபிள் கோணாது. மற்றவர்கள் ஒட்டினால் சாமி படம் சாய்ந்து நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கிற மாதிரி இருக்கும், இவன் ஒட்டினால் சாமி நிமிர்ந்து நிற்கும். நீ அப்போதிருந்தே, அம்மா அவனை அங்கே வைக்காதே வைக்காதே என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாய். நாலு மைல் தள்ளி ஒரு கம்பெனியில் வெடித்த சத்தம் கேட்ட அன்றைக்கு ஒன்பது தடவை போன் போட்டாய். ஒவ்வொரு தடவையும் நான் ஆகட்டும் பார்ப்போம் என்றேன். ஆகட்டும் என்றால் ஆகாது என்று உனக்குத் தெரியும், அதனால்தான் என்னை விட்டுவிட்டு கவர்மெண்டிடம் போய்விட்டாய்.

ஆவணி ரெண்டாம் தேதி திங்கட்கிழமை ஜீப்பு வந்தது. சீசன் ஆகையால் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேர் இருந்தோம், அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. வாட்ச்மேன் ரெண்டு விசில் அடித்தால் கூடுதல் ஆள் எல்லாம் சோத்து வாளியோடு பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் போய் உட்கார வேண்டும், அது எங்கள் கம்பெனி வழக்கம். இந்த வழக்கத்துக்குப் பலகை கிடையாது. விசில் அடித்ததும் நான் எழுந்து உன் தம்பி கையைப் பிடித்து இழுத்தேன், அவன் அசையவில்லை. "போர்மேன் அண்ணன் மணி அடிக்கல" என்றான். சேர்ந்த அன்றைக்கு மணி அடிக்காமல் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று பாலகுரு சொல்லியிருக்கிறார், நூற்றிருபது பேரிடமும் அதைத்தான் சொன்னார், காதில் வாங்கினவன் இவன் ஒருத்தன். நான் ஓடிப்போய் முள்ளுக்குள் குந்தினேன். பக்கத்தில் பார்த்தால், அடுத்த ஷெட்டில் வேலையில் இருக்க வேண்டிய உன் அப்பா. திங்கட்கிழமை ஆச்சே, ஞாயிற்றுக்கிழமை போட்டது இறங்கியிருக்காது, அதற்காக அவரும் ஒளிந்திருக்கிறார். பேர் ஊர்க்காவலன், இருந்த இடம் முள்ளு. கடிதத்தில் புருஷன் பேரை எழுதினால் சாமி கண்ணைக் குத்துமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

முள்ளுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் கம்பிவேலிதான், எல்லாம் காதில் விழுந்தது. அந்த ஆபீசர் அம்மாவுக்கு உன் வயசுதான் இருக்கும், கூட ரெண்டு பேர். ஷெட்டுக்குள் வந்தார்கள், பயத்தில் எல்லாரும் ஓடிக் காலியான ஷெட்டு, இவன் மட்டும் மூலையில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறான். அந்த அம்மா மெதுவாக, தம்பி ரோஸ்மில்க் சாப்பிடலாமா என்று கேட்டார். இவன் தலையைத் தூக்காமல் "வேல முடியட்டும்" என்றான். எனக்கு முள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, உன் அப்பா என் வாயைப் பொத்தினார், அந்தக் கை நாற்றத்துக்குச் சிரிப்பு தானாக நின்றுவிட்டது. பிறகு தாளை வாசித்தார், அதைத்தான் மேலே எழுதினேன். வாசித்துவிட்டு, தம்பி இங்கே தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "ஓடிருவேன்." சரக்கு இருக்குமே என்றார். "கெடக்கட்டும்." உங்கள் சோத்து வாளி? "கெடக்கட்டும்." தண்ணீர் ஊற்ற மாட்டீர்களா? "அத போர்மேன் அண்ணன் பாத்துக்கிரும், நான் ஓடிருவேன்." அந்த அம்மா அடுத்த அறைக்குப் போய் அங்கே முறைப்படி இருந்த நாலு பேரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். ஒருத்தி முதலில் பெட்டியை எல்லாம் வெளியே எடுத்து வைப்போம் என்றாள். ஒருத்தர் முதலாளிக்குச் சொல்லிவிடுவோம் என்றார். நம் எழில், அதான் மேலத்தெரு எழில், ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கிவிடுவேன் என்று வீரம் பேசினாள். நாலாவது ஆள் பதிலுக்குப் பாலகுரு முகத்தைப் பார்த்தார். ஆபீசர் அம்மா திரும்பி வந்து பாலகுருவிடம் சொன்னார், இந்தக் கம்பெனியில் சரியான பதில் சொன்னது ஒரே ஆள், அந்த ஆள்தான் சட்டப்படி இங்கே இருக்கக் கூடாத ஆள்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்போம். மற்றவர்களெல்லாம் எங்கே என்று அவர் உன் தம்பியைக் கேட்டார். பொய் சொல்ல அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கையை நீட்டி, "அங்கன முள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்காக, எங்கம்மா மூணாவது" என்றான். வரிசையோடு சொல்லிவிட்டான், பார். பதினோரு பேர் ஒவ்வொருவராக முள்ளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தோம், ஆளுக்கு ரெண்டு கீறல், என் முந்தானை முள்ளிலேயே நின்றுவிட்டது. இடத்துக்கு மேல் ஆள் வைத்ததற்குக் கம்பெனிக்கு நோட்டீஸ், மூன்று நாள் பூட்டு. மணிமுத்துவை இனி வளாகத்துக்குள் விடக் கூடாது என்று உத்தரவு. எனக்கு வந்ததே ஆத்திரம். நேரே போய், "மேடம், பலகையில மூணு பேரு போட்டிருக்கு, நீங்க மூணாவது ஆள மட்டும் எடுத்தா என்ன நாயம், ரெண்டாவது ஆளு எத்தன பேரு உள்ள இருக்காகன்னு பாத்தீகளா" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வேகத்தில் என் கண் உன் அப்பா பக்கம் போய்விட்டது, சத்தியமாக வேண்டுமென்று பார்க்கவில்லை. அந்த அம்மா என் கண் போன திசையைப் பிடித்துக்கொண்டே போய் அவர் முன்னால் நின்று மூச்சை இழுத்தார். அவரையும் அன்றைக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். உன் அப்பா என்னோடு மூன்று நாள் பேசவில்லை, வீடு கோயில் மாதிரி இருந்தது.

சிரிப்பெல்லாம் சரி, எழுதுகிற நேரத்தில் அந்த அம்மாவின் பேனாவைப் பார்த்ததும் நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன். பலகையில் இருக்கிற அந்த வார்த்தையை என் மகன் பேருக்கு நேராக எழுதிவிடுவாரோ என்று. வேலை போனால் போகட்டும், அந்த வார்த்தை ஏறினால் இறங்குமா, நாளைக்கு ஓட்டுக்குப் போனாலும் பேங்குக்குப் போனாலும் முன்னாடியே போய் நிற்குமே. "மேடம், அத மட்டும் எழுதாதீக" என்றேன், கும்பிட்டேன் என்றே வைத்துக்கொள். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "அம்மா, அத எழுத எனக்கு அதிகாரமே இல்ல, ஒருத்தர அப்படின்னு சொல்லணும்னா கோர்ட்டுதான் சொல்லணும், ஒங்க மகன எந்தக் கோர்ட்டும் சொல்லல" என்றார். வெடிபொருள் இருக்கும் இடத்தில் வேலைக்கு ஏற்றவர் அல்ல, அம்புட்டுத்தான் எழுதினார். விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவுக்குப் போங்கள் என்று ஒரு சீட்டும் கொடுத்தார். போகும்போது ரோஸ்மில்க்குக்குத் தன் கைக்காசைக் கொடுக்க வந்தார், இவன் வாங்கவில்லை. "அது பெறகு வாங்கிக்கிடுதேன், கட்டு இன்னும் ரெண்டு பாக்கி" என்றான். ஒட்ட விடவில்லை, பாவம், அந்த ரெண்டு கட்டும் அப்படியே கிடந்தது.

விருதுநகருக்குப் போனோம். அங்கே செல்வக்குமார் என்று ஒரு தம்பி இருக்கிறார், கண்ணாடி போட்டு, பொறுமைசாலி. அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன், பேர் என்ன என்றால் நான் சொன்னேன், என்ன வேலை பிடிக்கும் என்றால் நான் சொன்னேன், ராத்திரி தூக்கம் வருமா என்றால் அதையும் நானே. அவர் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, நீங்க கொஞ்ச நேரம் இருங்க, அவரு சொல்லட்டும்" என்றார். யாரடா அவரு என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். உன் தம்பியைச் சொல்கிறார். அன்றைக்கிலிருந்து இவன் வீட்டில் நான் டேய் என்றால் திரும்புவதில்லை, அவரு என்றால்தான் சோறு சாப்பிட வருகிறார். செல்வக்குமார் தம்பி எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சட்டம் ஒன்று இல்லையாம், ரெண்டு மூன்று இருக்கிறதாம். ஒன்று, ஊனம் என்று காரணம் சொல்லி ஒருவரை வேலையிலிருந்து விரட்டக் கூடாது என்கிறது. இன்னொன்று, வெடிமருந்துப் பக்கம் இன்னார் வரக் கூடாது என்கிறது, அது பழைய சட்டம், அதில் உள்ள வார்த்தையும் பழசு, இவருக்கு அந்த வார்த்தை பொருந்தாது என்று வாதாடலாம், ஆனால் மருந்து இருக்கிற இடத்தில் எந்த ஆபீசரும் துணிந்து கையெழுத்துப் போட மாட்டார் என்றார். "வேற எடத்துல யாராவது இவர வேண்டாம்னா என்கிட்ட வாங்க" என்றார். கடைசியாக ஒன்று சொன்னார், அதுதான் எனக்கு வினையாக முடிந்தது. இவர் மேஜர், இவரைப் பற்றி எதை முடிவு செய்தாலும் முதலில் இவரைக் கேளுங்கள் என்றார். இருபத்துமூன்று வருஷமாக அவன் சட்டைக் கலரைக்கூட நான் கேட்டதில்லையடி.

கம்பெனி திறந்த வெள்ளிக்கிழமை காலையில், போக வேண்டாம் என்று சொல்லியும் ஆறு மணிக்கெல்லாம் குளித்துக் கிளம்பி வாளியோடு வேன் நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டான். வேன் ஓட்டுகிற சுடலைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "மதினி, இவன ஏத்தவா எறக்கவா" என்றார். "பலக கம்பெனி வாசல்லதான் இருக்கு கொழுந்தனாரே, ஒங்க வேன்லயா மாட்டியிருக்கு" என்றேன். ஏற்றிக்கொண்டார். வாசலில் எல்லாரும் இறங்கி உள்ளே போனோம், இவன் பலகைக்குக் கீழே வந்ததும் வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினார். திரும்பிப் போய் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டான். சுடலையோடு சாத்தூர்ப் பக்கம் ரெண்டாவது ட்ரிப்பும் போய்விட்டு, சாயங்காலம் எங்களோடு திரும்பினான். உள்ளே இருந்த எனக்குத்தான் அன்றைக்குப் பெட்டி அடுக்கக் கை ஓடவில்லை. வேனில் ரெண்டொருத்தர், இவனால்தானே மூன்று நாள் கூலி போச்சு என்று ஜாடை பேசினார்கள். நான் சும்மா விடுவேனா, "எம் மகன் பொய் சொல்லலங்கிறதுக்காக நீங்க அவன வையிறீகளா, நீங்க பெத்ததுகள்ல ஒண்ணு உண்மை பேசினாக் காட்டுங்க, நான் கூலியத் தாரேன்" என்றேன். அதற்கப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நாலைந்து நாள் சும்மா போய்வந்தான். பிறகு ஒரு நாள் காலையில் வேன் வாசலில் மஞ்சப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். "போன் இருக்கா, தீப்பெட்டி இருக்கா" என்று கேட்கிறான். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது என்று முதல் நாள் பாலகுரு சொன்னதெல்லாம் இவனுக்குள் அப்படியே இருந்திருக்கிறது. எழில் ரவிக்கைக்குள் வைத்திருந்த போனைக் கொடுக்கமாட்டேன் என்றாள், இவன் படியை மறித்துக்கொண்டு நின்றான், சுடலை சிரித்துக்கொண்டே வண்டியை எடுக்கவில்லை, கடைசியில் கொடுத்துவிட்டு ஏறினாள். அடுத்த திங்கட்கிழமை உன் அப்பா வந்தார். "ஊது" என்றான். "ஏலே, நான் ஒங்க அப்பன்லே" என்றார். "ஊது" என்றான். வேனே குலுங்கிச் சிரிக்கிறது, அவர் என்னைப் பார்க்கிறார், நான் இவரை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று முகத்தை வைத்துக்கொண்டேன். ஊதினார். "போயிட்டு நாளைக்கு வாங்க" என்றான், மரியாதையாகத்தான் சொன்னான். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொல்லிக் கேட்காத மனுஷன், போன ஞாயிற்றுக்கிழமை சொட்டுக்கூடத் தொடவில்லை. இன்றைக்கும் இந்த நேரம் வரைக்கும் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கிறார், சாயங்காலம் வரைக்கும் தாங்குவாரா என்று நானும் ஆட்டுக்குட்டியும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சாயங்காலம் வேன் கிளம்பும்போது அவனுக்கு அத்தனை பேரை எண்ணத் தெரியாது, ஆனால் காலையில் ஏறின முகம் ஒவ்வொன்றும் தெரியும். ஒரு முகம் குறைந்தால் கதவைச் சாத்தமாட்டான். ஒரு நாள் எழில் சொல்லாமல் அவள் அண்ணன் பைக்கில் போய்விட்டாள், அரை மணி நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், சுடலை அவள் வீட்டுக்குப் போன் போட்டு அவள் குரலை இவன் காதில் கேட்க வைத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. நோட்டீஸ் வந்ததிலிருந்து ஆள் ஏறும்போதே சோதிக்க ஒருத்தரை வைக்க வேண்டும் என்று கம்பெனிக்கும் நெருக்கடி, பாலகுரு ரெண்டு நாள் நின்று பார்த்துவிட்டு இவனையே வைத்துக்கொண்டார், வாசலுக்கு வெளியே, வேனோடு, சம்பளத்தோடு. பலகை யாரை வெளியே நிறுத்தியதோ அந்த ஆள்தான் இப்போது பலகையைக் காப்பாற்றுகிறார். நீ கேட்டதும் இதைத்தானே, அவன் மருந்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று. இப்போது இல்லை. சந்தோஷமா? இதுவரை எழுதியதற்கு நீ எனக்கு ஒரு முத்தம் பாக்கி.

இனிமேல்தான் வினை. போன ஞாயிற்றுக்கிழமை பாலகுரு வீட்டுக்கு வந்தார். தீபாவளி நெருங்குகிறது, ஆர்டர் குவிகிறது, மணி மாதிரி ஒட்ட ஆள் இல்லை, சாமியெல்லாம் கோணிக்கொண்டு நிற்கிறது என்றார். "பின்வாசல் வழியா வரட்டும்க்கா, மூலையில ஒக்காந்து ஒட்டட்டும், யாரு பாக்கப் போறா" என்றார். உன்னிடம் பொய் சொல்லவில்லை, எனக்கு ஆசை வந்தது. சம்பளம் ஒரு பக்கம், அவன் என் கண் பார்வையில் இருப்பான் என்பது ஒரு பக்கம். ஆனால் செல்வக்குமார் தம்பி சொன்னது மண்டைக்குள் நின்றது, அவரைக் கேளுங்கள் என்று. சரி, அவரைக் கேட்போம் என்று கூப்பிட்டேன். வந்து நின்றான். பாலகுரு விஷயத்தைச் சொன்னார். இவன், "போர்டுல கூடாதுன்னு போட்டிருக்குல்ல" என்றான். அவர் சிரித்துக்கொண்டு, "அது ஒனக்கு வெளங்காதுன்னு போட்டதுலே, ஆபத்தான எடம்ல" என்றார். இவன் வழக்கம்போல வெற்றிலை போடுகிற நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு, "எங்கம்மாவுக்கு ஆபத்து இல்லையா" என்றான். "ஒங்கம்மாவுக்குப் புத்தி இருக்குலே" என்றார் பாலகுரு. "புத்தி இருந்தா சுடாதா" என்றான்.

பாலகுரு காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, சரிக்கா வாரேன் என்று கிளம்பிவிட்டார். நான் ஏதாவது சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். அவன் கேலிக்குக் கேட்கவில்லை, பதிலுக்காக நின்றான். இன்னும் நின்றுகொண்டிருக்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும், தினமும் வாசலில் நான் இறங்கும்போது ஒரு தடவை முகத்தைப் பார்க்கிறான். பலகையை இப்போதெல்லாம் நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். குழந்தைக்கு ஆகாது, குடித்தவனுக்கு ஆகாது, என் மகனுக்கு ஆகாது, குருவம்மாளுக்கு ஆகும், ஏனென்றால் அவள் தெளிவானவள். தெளிவானவள் என்று எனக்கு யாரும் சர்டிபிகேட் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் மாட்டி வைத்திருப்பேன். நீயும் படித்தவள், ஆஸ்பத்திரியில் தீக்காயம் எத்தனை பார்த்திருப்பாய், தம்பிக்காக ஒரு பக்கம் எழுதிப் போட்டாயே, அதில் ஒரு மூலையில் அம்மா என்று ஒரு வார்த்தைக்கு இடம் இல்லாமலா போனது? வருத்தமாக எழுதவில்லை. எனக்கே அப்படி ஒரு இடம் வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை, உனக்கு எப்படித் தோன்றும். சிவகாசியில் காலண்டருக்குத் தகரம் அடிக்கிற ஒரு இடத்தில் ஆள் கேட்கிறார்கள், கூலி குறைச்சல் என்று எழில் சொன்னாள். நான் யோசிக்கிறேன் என்று எழுதினால் நீ உடனே குதிப்பாய், அதனால் யோசிக்கவில்லை என்றே வைத்துக்கொள். நேற்றும் வாசலில் அவன் அப்படியே பார்த்தான். "தீவாளி முடியட்டும்டா ராசா, பெறகு பாப்போம்" என்றேன். அவன் மஞ்சப்பையை மடித்துக்கொண்டே, "எந்தத் தீவாளி" என்று கேட்டான்.

நீ நல்லா இருக்கணும் தாயி, உன் கைபட்ட நோயாளி எல்லாரும் எழுந்து நடக்கணும், மாரியம்மன் உனக்குத் துணை நிற்பாள். ராத்திரி டூட்டி என்று வெறும் வயிற்றோடு நிற்காதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, இதோடு சாத்தூர்ச் சேவு அரைக்கிலோ வைத்திருக்கிறேன், அறையில் உள்ள பிள்ளைகளுக்கும் கொடு. மறக்காமல் ஒன்று, தம்பிக்குப் பத்து வயதில் முகாமில் கொடுத்த ஊனச் சான்றிதழை நீ போட்டோ எடுத்து வைத்திருந்தாயே, புது அடையாள அட்டைக்கு அதைக் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு, அசல் ஆட்டுக்கொட்டாய் ஒழுகினதில் நனைந்துபோய்விட்டது. அக்கா மேலே கோபமாடா என்று இவனைக் கேட்டேன், கோபம் இல்லையாம், ரோஸ்மில்க் மட்டும் நீதான் வாங்கித் தர வேண்டுமாம்.

இப்படிக்கு உன் வாயாடி அம்மா
கு. ஊ. குருவம்மாள்

(அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொன்னதற்குப் பேனாவை என்னிடமே திருப்பித் தந்து, நான் இன்று ஊதத் தயார் என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன்.)